ஃப்ரிட்ஜ் கூலிங் ஆகலையா? நீங்களே சரிபார்க்கலாம்... ஆனா கத்தி எடுக்காதீங்க!

சிங்கப்பெருமாள் கோவிலில் ரூம் எடுத்து, ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறவரா நீங்கள்? ரூமில் இருக்கும் பழைய ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தால் முதலில் இதைப் பாருங்க.

பிளக்கை கழற்றுங்கள். பின்பக்க கம்பி வலையில் தூசி படிந்தால் சூடு வெளியேறாது, பிரஷ்ஷால் துடையுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கதவில் ஒரு பேப்பரை வைத்து மூடி இழுங்க; ஈஸியா வந்துட்டா ரப்பர் தளர்ந்துவிட்டது.

ஃப்ரீசர் ஐஸை கத்தியால் குத்தவே கூடாது. குழாய் ஓட்டையானால் கேஸ் கசியும். லேபிளில் 'ஆர்-600ஏ' என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன். சமையல் கேஸ் மாதிரி தீப்பிடிக்கும். ஆனால் அதைப்போல நாற்றம் வந்து எச்சரிக்காது.

'உஸ்' சத்தம் கேட்டால் எந்த சுவிட்சையும் தொடாதீங்க. ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு வெளியே வாங்க. மற்றதை மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.