வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு செத்தவீடு

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் கூரையில் ஒரு காலத்தில் மனிதத் தலையொன்று கம்பத்தில் குத்தி நிறுத்தப்பட்டிருந்தது. ஒலிவர் குரொம்வெல்லின் தலை. அரசனின் கழுத்தை வெட்டிய பிறகு ஆட்சிக்கு வந்தவர் அவர். 1658இல் இறந்தபோது அரசனுக்குரிய மரியாதை ஒன்றும் குறையவில்லை. சாமர்செட் மாளிகையில் அவருடைய உருவப்பொம்மையை முதலில் கிடத்தி, பிறகு எழுப்பி நிறுத்தி, தலையில் முடியும் வைத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். உடல் பழுதாகிப் போனதால் அதை முன்னரே அடக்கம் செய்தாயிற்று. மூன்று வருடம் ஆகுமுன் பழைய அரச குடும்பம் திரும்பி வந்தது. அடக்கிய உடலைத் தோண்டி எடுத்து, 1661 சனவரி 30இல் டைபர்னில் தூக்கில் தொங்கவிட்டு, தலையைக் கொய்து இந்தக் கூரைக்கு ஏற்றினார்கள். இருபது வருடங்களுக்கும் மேலாக அது மழையிலும் வெயிலிலும் அங்கேயே கிடந்தது.

2022 செப்டெம்பரில் அதே கூரைக்குக் கீழே இரண்டாம் எலிசபெத்தின் பேழையைப் பார்க்க ஏறத்தாழ 2,50,000 பேர் போனார்கள். அவர்களில் நானும் ஒருவன். அந்த நாட்களில் தொலைக்காட்சியைத் திறந்தால், காலங்காலமாக இப்படித்தான் நடந்து வருகிறது என்ற தோரணையில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மண்டபம் பழையதுதான், 1097இல் தொடங்கி 1099இல் முடித்தது. ஆனால் ஆட்சியில் இருந்து இறந்த அரசரின் பேழையை அங்கே வைத்து, வீதியால் போகும் எவரும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது முதன்முதலாக 1910இல். என் அம்மப்பா அப்போது பிறந்துவிட்டார்.

அதைத் தொடக்கி வைத்த பெட்டி ஓர் அரசருடையதுகூட அல்ல. நான்கு முறை பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் 1898 மே மாதம் இறந்தபோது அவரை அந்த மண்டபத்தில் வைத்தார்கள். விக்டோரியா அரசிக்கும் அவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அப்படியிருக்க, அரசியின் மூத்த மகன் எட்வர்ட், முடிக்குரிய இளவரசர், இறுதிச் சடங்கில் கிளாட்ஸ்டனின் பேழைக்குப் பக்கத்துணையாக நடந்தார். அம்மாவுக்குக் கோபம். இதற்கு முன்மாதிரி எது, யாரைக் கேட்டு இப்படிச் செய்தாய் என்று தந்தி அடித்தார். முன்மாதிரி எதுவும் தெரியாது, யாரையும் கேட்கவுமில்லை என்று மகன் பதில் அனுப்பினார். எனக்கு அந்த மனிதரைப் பிடிப்பது இந்த ஒரு பதிலுக்காகத்தான். விக்டோரியா 1901இல் இறந்தபோது தன் பேழையை லண்டனில் வைத்து ஊருக்குக் காட்ட இடம் வைக்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து மகன் எட்வர்ட் இறந்தார். கிளாட்ஸ்டனை வைத்த அதே மண்டபத்தில் அவரையும் வைத்தார்கள். குடிமகனுக்குச் செய்ததைப் பார்த்துத்தான் மன்னனுக்குச் செய்தார்கள்.

கதவு திறந்ததும் முதலில் உள்ளே வந்தவர்கள் மூன்று தையல் வேலைக்காரப் பெண்கள் என்று ஏற்பாடுகளைக் கவனித்த அதிகாரி ஷோம்பர்க் மக்டொனல் எழுதி வைத்திருக்கிறார். ஏழை உடுப்பு, மிகுந்த பயபக்தி. இன்னோர் இரவு, கதவு பூட்டிய பிறகு, உள்துறை அமைச்சர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து உள்ளே விடச் சொல்லியிருக்கிறார். மக்டொனல் முடியாது என்றுவிட்டார். அந்த அமைச்சர் வின்ஸ்டன் சேர்ச்சில். 1965இல் அதே மண்டபத்தில் அவருடைய பேழையைப் பார்க்க 3 லட்சத்துக்கு மேற்பட்ட சனம் தேம்ஸ் ஆற்றங்கரைக் குளிரில் நின்றது.

இங்கிலாந்துக்காரர் பிறக்கும்போதே கியூவில் நிற்கப் பழகியவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1852இல் வெலிங்டன் பிரபுவின் பேழையைச் செல்சியில் வைத்தபோது, வந்த கூட்டம் முட்டி மோதி, நெரிசலில் சிக்கி ஆட்கள் இறந்தே போனார்கள். சாவு பார்க்க வந்த இடத்தில் சாவு. அமைதியான நீண்ட வரிசை பிற்பாடு பொலிசும் அதிகாரிகளும் சனமுமாகச் சேர்ந்து பழகிக்கொண்ட ஒன்று.

1936இல் ஐந்தாம் ஜோர்ஜுக்கு 8 லட்சம் பேர் வந்தார்கள். அவருடைய சாவைப் பற்றி ஒரு கதை உண்டு. கதை என்று சொல்லக்கூடாது, 1986இல் வெளிவந்த வைத்தியரின் சொந்தக் குறிப்பு. அரசருக்கு முடிவு நெருங்கிவிட்டது. செய்தி மாலைப் பத்திரிகைகளில் கண்டபடி வராமல், காலையில் 'டைம்ஸ்' பத்திரிகையில் முறையாக வரட்டும் என்ற எண்ணமும் சேர, மருத்துவர் டோசன் பிரபு மோர்பினும் கொக்கெயினும் ஏற்றிச் சாவை விரைவுபடுத்தினார். ஓர் அரசரின் சாவில் எவ்வளவு தானாக நடக்கிறது, எவ்வளவு நடத்தப்படுகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊசிதான் ஞாபகம் வருகிறது. அந்த வருடம்தான் இறந்தவரின் நான்கு மகன்மாரும் இரவில் பேழையைச் சுற்றிக் காவல் நிற்கும் வழக்கமும் தொடங்கியது. 2022இல் சார்ல்ஸும் உடன்பிறந்த மூவரும் நின்றதைப் பார்த்துப் பழம்பெரும் சடங்கு என்று கண் கலங்கியவர்கள் உண்டு. அதற்கு வயது 86.

எட்வர்டுக்கும் ஐந்தாம் ஜோர்ஜுக்கும் இடையில் நடந்த ஒரு நிகழ்ச்சி அதிகம் பேசப்படுவதில்லை. 1930 ஒக்ரோபரில் இந்தியாவுக்குப் புறப்பட்ட ஆர் 101 என்ற ஆகாயக் கப்பல் பிரான்சில் விழுந்து எரிந்தது. 48 பேர் போய்விட்டார்கள். அமைச்சர் ஒருவரும் அதில் இருந்தார், இயந்திரம் பார்க்கும் தொழிலாளிகளும் இருந்தார்கள். அத்தனை பெட்டிகளையும் இந்த மண்டபத்தில் வைத்தார்கள். சனம் அதற்கும் வந்து நின்றது.

எனக்கு அரச குடும்பத்தில் தனிப்பட்ட பற்று ஒன்றும் கிடையாது. 2002இல் அரசியின் தாயார் இறந்தபோது போகவில்லை. அந்தப் பேழையின் மேல் வைத்த முடியில் கோகினூர் வைரம் இருந்தது. பஞ்சாபிலிருந்து பத்து வயதுப் பையன் ஒருவனிடம் வாங்கிக்கொண்டு வந்த கல்லுக்குக் கும்பிடு போட மனம் வரவில்லை. 2022இலும் போகும் எண்ணம் இருக்கவில்லை. அனுப்பி வைத்தது பெரியம்மா.

பெரியம்மா 1954 ஏப்ரலில் கொழும்பில் பள்ளிக்கூடப் பிள்ளை. புது அரசி இலங்கைக்கு வந்த நேரம், கையில் கொடியைக் கொடுத்து வீதியோரத்தில் வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். கார் ஒன்று போனது, உள்ளே ஒரு வெள்ளைக் கையுறை அசைந்தது, அவ்வளவுதான். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்: 1972 மே 22 வரை எலிசபெத் எங்கள் நாட்டின் அரசியும்கூட. நான் பிறந்தது அவருடைய குடியாகத்தான்.

"நீ ஒருக்காப் போயிட்டு வா மோனை. என்னால நிக்கேலாது."

"என்னத்துக்குப் பெரியம்மா? சுதந்திரம் எண்டு சொல்லி எங்களை ஆரிட்டக் குடுத்திட்டுப் போனவை எண்டு தெரியுந்தானே."

"செத்தவீட்டுக்கு ஆரும் கணக்குப் பாத்தே போறது? கலியாணவீட்டுக்குத்தான் சொல்ல வேணும். செத்தவீட்டுக்குச் சொல்லாமலே போறது."

வாதாட இடமில்லை. யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டையில் பத்து வருடம் பேசாத அயலவனும் செத்தவீட்டுக்கு வந்து ஒரு கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போவான்.

வியாழக்கிழமை பகல் பெர்மண்ட்சிப் பக்கம் போய் வரிசையின் வாலைப் பிடித்தேன். கையில் எண் போட்ட நிறப்பட்டி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். கழிவறைக்குப் போய்வந்தாலும் இடம் பறிபோகாது. மண்டபத்துக்கு எதிர்க்கரையில் இருப்பது ஆல்பர்ட் எம்பாங்க்மென்ட். அங்கிருந்து ஆற்றின் தென்கரை வழியாகச் சதக் பூங்கா வரை ஏழு மைல், பூங்காவுக்குள் வளைத்து வளைத்து இன்னும் மூன்று மைல், ஆகப் பத்து மைல் கூட்டத்துக்கு அரசாங்கம் திட்டம் போட்டிருந்தது. வரிசையின் வால் எங்கே நிற்கிறது என்பதை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். எனக்கு இரவானது. வெள்ளி இரவு வந்தவர்களுக்கு 24 மணி நேரமும் ஆகலாம் என்று எச்சரித்தும் ஆட்கள் திரும்பிப் போகவில்லை. வரிசையின் தலைமாட்டில் திங்கட்கிழமையே வந்து இருந்துவிட்ட முதல் ஆட்களில் ஒருவர் இலங்கையில் பிறந்த பெண்மணி. ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைகளில் அன்று அதுதான் பேச்சு.

பழைய கோளாறும் திரும்பி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரிசையில் நிற்காமல் போகலாம், கூடவே நான்கு பேரையும் கூட்டிப் போகலாம் என்று ஏற்பாடு. உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாடாய் உழைக்கும் ஊழியர்களுக்கு அது கிடையாது. 112 வருடம் முன் மக்டொனல் சாத்திய கதவை நாடாளுமன்றமே திறந்து வைத்துக்கொண்டது. பந்தடிகாரர் டேவிட் பெக்காம் மட்டும் தொப்பியைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் சனத்தோடு சனமாக நின்றார். அவர் நின்றதைப் புகழ்ந்தார்கள், இரண்டு தொலைக்காட்சிக்காரர் நிற்காமல் போனார்கள் என்று வாரக்கணக்கில் திட்டினார்கள். அரசியின் மேல் யாருக்கு எவ்வளவு அன்பு என்பதைப் பற்றி அந்தச் சண்டையில் ஒரு பேச்சும் இல்லை. நின்றாயா, எத்தனை மணி நேரம் நின்றாய், அதுதான் கேள்வி. அதே வாரத்தில் எடின்பரோவில் மன்னராட்சி ஒழிக என்று அட்டை பிடித்த ஒரு பெண்ணைப் பொலிஸ் கைதுசெய்தது. அதையும் சொல்ல வேண்டும்.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடந்து சென் தோமஸ் மருத்துவமனைப் பக்கம் வந்தபோது, அதுவரை ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்த எங்கள் கூட்டம் அடங்கிப்போனது. அந்த ஆற்றோர மதில் முழுக்கச் சிவப்பு இதயங்கள். கொரோனாவில் செத்த ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 2021இல் உறவினர்கள் வரையத் தொடங்கியவை, அரைக் கிலோமீற்றர் நீளம். சிலர் வரிசையிலிருந்து விலகிப் போய்த் தங்கள் ஆளின் பெயரைத் தேடினார்கள். எங்கள் அம்மா 2020 ஏப்ரலில் போனவர். தகனசாலைக்குள் விட்டது பத்துப் பேரை. பெரியம்மா சொந்தத் தங்கையின் செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தார். 2021 ஏப்ரலில் அரசியும் தன் புருஷனின் சடங்கில் முகக்கவசத்தோடு தனி வாங்கில் இருந்தார். முப்பது பேருக்குத்தான் அனுமதி. அந்தப் படத்தை எங்கள் வரிசையில் பலர் நினைவு வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற லிவர்பூல்காரி தன் தகப்பனுக்காக நிற்பதாகவே சொன்னாள். அரசிக்கு மாலை மரியாதை செய்யவென்று போட்ட வரிசையில், இரண்டு வருடம் முன் நிற்க விடாத செத்தவீடுகளுக்காகவும் ஆட்கள் நின்றார்கள்.

பிறகு சோதனை. விமான நிலையத்தில் போல எல்லாம் வெளியே எடுக்க வேண்டும். தண்ணீரும் சாப்பாடும் உள்ளே போகாது. பிரிக்காத பிஸ்கட்டுகளையும் சொக்லெட்டுகளையும் பெட்டிபெட்டியாகச் சேர்த்து ஓர் உணவுத் தருமத்துக்குக் கொடுத்தார்கள். நான் கட்டிக்கொண்டு போன ரோல்ஸில் மிஞ்சிய இரண்டும் குப்பைக்குப் போயின.

மண்டபத்துக்குள் காலடிச் சத்தம்கூடக் கேட்காத கம்பளம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை காவல் மாறும், ஒரு தடி தரையில் தட்டும். முதல் இரவிலேயே காவலர் ஒருவர் மயங்கி விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். பேழையின் மேல் கொடி, பூ, 2,868 வைரம் பதித்த முடி. முன்னால் நிற்கக் கிடைத்தது சில விநாடிகள். சிலர் குனிந்தார்கள், சிலர் சிலுவை போட்டார்கள், நான் கையைக் கூப்பினேன். முதலாம் சார்ல்ஸை விசாரித்துச் சாவுக்கு அனுப்பிய தரை அது. இந்தியாவைக் கொள்ளையடித்த குற்றத்துக்கு வாரன் ஹேஸ்டிங்ஸை 1788இலிருந்து ஏழு வருடம் இழுத்தடித்து விசாரித்து, கடைசியில் குற்றவாளி இல்லை என்று அனுப்பியதும் அங்கேதான். பகல் முழுக்க இவற்றையெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவனுக்கு அந்தச் சில விநாடியில் ஒன்றும் தோன்றவில்லை.

பெட்டியைப் பார்ப்பதற்கென்றால் இவ்வளவு நேரம் தகாது. வீட்டில் இருந்தபடியே இதைவிட நன்றாகத் தெரியும், இரவு பகலாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் செத்தவீட்டுக்குப் போகிறவன் பெட்டியைப் பார்க்கவா போகிறான்? போய் இருந்தோம் என்பதற்குப் போகிறான். கொடுக்க அவன் கையில் இருப்பது நேரம் மட்டும்தான். அரச குடும்பத்துக்கும் அது தெரியும். அவர்கள் பேழையை நாட்கணக்கில் வைப்பது அந்த நேரத்தை எங்களிடம் வாங்கத்தான், பிறகு வந்த தலைகளை எண்ணி உலகத்துக்குச் சொல்லத்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. அதற்காகப் போகாமல் விட்டிருப்பேனா என்றால், இல்லை.

பெரியம்மா முதலில் கேட்டது, "என்ன பூ வைச்சிருந்தவை?" வெள்ளைப் பூ என்றேன். ரோசாவா, லில்லியா என்று மடக்கினார். சொல்லத் தெரியவில்லை. போய் வந்த சீருக்கு இதைக்கூடப் பார்க்கவில்லையா என்று பேச்சு விழுந்தது.

19ஆம் திகதி காலை ஆறரைக்குக் கதவைச் சாத்தினார்கள். பொதுமக்களில் கடைசியாக உள்ளே போனவர் விமானப்படையில் வேலை செய்த ஒரு பெண். அந்த இரவே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வரிசை சிறுத்திருப்பதைக் கண்டு, திரும்ப முதலிலிருந்து நின்றிருக்கிறார்.