நறுக்கப்பட்ட ஓரம்: வாக்னர் அட்டையும் ‘பழுது’ என்பதன் வரலாறும்

பழைய பேஸ்பால் அட்டையின் விலையை அதன் ஓரமும் மூலையும் தீர்மானிக்கின்றன என்பது பிற்காலத்தில் வந்த எண்ணம். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுத்த அட்டை வரிசைக்கு ‘டி206’ என்று எண்ணிட்டவர் ஜெஃபர்சன் பர்டிக். பேஸ்பால் அட்டைகள் உட்பட 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் பொருள்களை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த அவர், அவற்றை ஆல்பங்களில் பசை தடவி ஒட்டிவைத்தார். இன்றைய சேகரிப்பாளருக்கு இதைக் கேட்டாலே நெஞ்சு பதறும். பர்டிக்குக்கோ அட்டை என்பது ஓர் ஆவணம், அவ்வளவுதான்.

பணம் புகுந்ததும் கதை மாறியது. டி206 வரிசையின் அரிய அட்டைகளில் மிகப் புகழ்பெற்றது பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை. அதன் பிரதிகளில் ஒன்றை 1985இல், பின்னாளில் ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 25,000 டாலருக்கு வாங்கினார். 1991இல் அதே அட்டையை ஐஸ் ஹாக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கியும் அவரது அணி உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் ஏலத்தில் எடுத்த விலை 4,51,000 டாலர். அப்போதுதான் தொடங்கியிருந்த பிஎஸ்ஏ என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் அதற்கு 10க்கு 8 தந்து, தன் முதல் சான்றெண்ணையும் கொடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்தது.

விலை மதிப்பெண்ணைச் சார்ந்ததும், தேய்ந்த ஓரத்தை நறுக்கி அட்டையைப் புதிதுபோல் காட்டும் ஆசையும் வந்தது. அப்படி நறுக்கியதைக் கண்டுபிடிக்க அளவுகோல் மட்டும் போதாது. டி206 அட்டைகள் ஆலையிலேயே ஒரே அளவாக வெட்டப்படவில்லை. சற்றுப் பெரிதாக வெட்டுப்பட்ட அட்டையின் தேய்ந்த ஓரத்தைச் சீவினால் அது ‘சரியான’ அளவுக்கே வந்துவிடும். ஆகவே வெட்டு விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். பத்து மடங்கு உருப்பெருக்கியின் கீழ், நூற்றாண்டுத் தூசு இழைகளில் ஊறிய விளிம்பு முகப்பின் நிறத்தோடு ஒத்துப்போகும். புது வெட்டு வெளுப்பாக, கூர்மையாகத் தனித்து நிற்கும். வெளிறிய இடத்தில் பேனா மை தொட்டிருந்தால், அச்சின் புள்ளிகளுக்கு இடையே இருக்க வேண்டிய வெற்றிடம் அடைபட்டிருக்கும். அழுத்தி நீக்கிய மடிப்பு, பக்கவாட்டு ஒளியில் மெல்லிய கோடாக எழும். காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிரும் வேதிப்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலானவை. எனவே 1910ஆம் ஆண்டு அட்டை புற ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்க வந்த உறையே இந்தச் சோதனைகளுக்குத் தடையாகவும் ஆனது. உள்ளிருக்கும் அட்டையின் விளிம்பைத் திருப்பி உருப்பெருக்கியின் கீழ் வைக்க முடியாது. வாங்குபவர் அட்டையை விட்டுவிட்டு மதிப்பெண்ணைப் பார்க்கப் பழகினார். வாக்னர் அட்டை நறுக்கப்பட்டது என்ற பேச்சு பல ஆண்டுகள் உலவியும் விலை ஏறியது. 2007இல் 28 லட்சம் டாலர். கடைசியில் உண்மை வெளிவந்தது நீதிமன்றத்தில். ஏல மோசடி வழக்கில் 2013இல் குற்றத்தை ஏற்ற மாஸ்ட்ரோ, பக்க ஓரங்களைத் தானே நறுக்கியதாக ஒப்புக்கொண்டார். 2015இல் அவருக்கு 20 மாதச் சிறை.

நறுக்கிய அட்டைகளைக் கண்டுபிடிக்க 2019இல் சேகரிப்பாளர்கள் வேறொரு வழியைக் கையில் எடுத்தார்கள். பழைய ஏலப் படங்களையும், பின்னர் உயர்ந்த மதிப்பெண்ணோடு விற்பனைக்கு வந்த அட்டைகளின் படங்களையும் பாடபேதம் பார்ப்பதுபோல் அருகருகே வைத்தார்கள். ஒரே இடத்தில் ஒரே அச்சுப்பிசிறு. ஓரம் மட்டும் முன்னைவிடக் குறுகல். இதற்கு உறையைத் திறக்கத் தேவையில்லை.

2022இல் வேறொரு வாக்னர் அட்டை 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் தர மதிப்பெண் 2.