வாடகைக் கம்பியும் ஐந்து நாற்காலிகளும்: அமெரிக்கச் சிறு இணைய நிறுவனங்கள், 1980–2025

தொண்ணூறுகளில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருந்த சிறு இணையச் சேவை நிறுவனங்கள் ஏன் அழிந்தன என்று கேட்டால், தொழில்நுட்பத்தின் மேல் பழி போடுவது வழக்கம். டயல்-அப் போய் பிராட்பேண்ட் வந்தது, சிறியவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பார்கள். இந்த விளக்கம் போதாது. பிராட்பேண்ட் வந்த பிறகும் அவர்கள் பிழைக்க ஒரு வழி இருந்தது. அதைத் திறந்ததும் அடைத்ததும் எஃப்.சி.சி. எனப்படும் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம். அதில் ஐந்து உறுப்பினர்கள். ஒரே கட்சியிலிருந்து மூவருக்கு மேல் இருக்கக்கூடாது. தலைவரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். ஆட்சி மாறினால் பெரும்பான்மையும் மாறிவிடும்.

சிறு நிறுவனங்களுக்கு அடித்தளம் போட்டது 1980-இல் ஆணையம் வகுத்த ஒரு பிரிவினை. செய்தியைச் சுமந்து செல்வது அடிப்படைச் சேவை. அதன்மேல் கணினி கொண்டு கட்டுவது மேம்பட்ட சேவை. பெரிய தொலைபேசி நிறுவனம் தன் கம்பியை மேம்பட்ட சேவை தருவோருக்கும் பொதுக் கட்டணத்தில் தரவேண்டும் என்றானது. 1983-இல் இவர்களுக்கு நிமிடக் கணக்கிலான அணுகு கட்டணத்திலிருந்தும் விலக்கு கிடைத்தது. ஒரு சாதாரணக் கடைக்காரரைப் போல வணிக இணைப்புகளை வாங்கி, அலமாரி நிறைய மோடம்களை அடுக்கி, எவரும் தொழிலைத் தொடங்கிவிடலாம். உள்ளூர் அழைப்புக்குப் பெரும்பாலும் மாதக் கட்டணமே என்பதால் வாடிக்கையாளரும் மணிக்கணக்கில் இணைப்பில் இருந்தார்கள். இணையத்துக்கென்று எழுதப்படாத விதிகள்தாம் இணையத் தொழிலை வளர்த்தன.

1996-இன் தொலைத்தொடர்புச் சட்டம், உள்ளூர்க் கம்பியைப் போட்டியாளருக்கு வாடகைக்கு விடும் கடமையைத் தொலைபேசி நிறுவனங்கள்மேல் சுமத்தியது. அதன் உச்சம் 1999 நவம்பரில் வந்த கம்பிப் பகிர்வு ஆணை. வீட்டுக்கு வரும் செம்புக் கம்பியில் பேச்சு ஓடுவது சுமார் 4 கிலோஹெர்ட்ஸுக்குள். அதற்கு மேலுள்ள அலைவரிசை சும்மா கிடக்கும். டி.எஸ்.எல். ஓடுவது அங்கேதான். எக்ஸ்சேஞ்சில் ஒரு பிரிப்பான் பேச்சை ஒரு பக்கமும் தரவை மறுபக்கமும் அனுப்பும். தரவு போய்ச் சேரும் இடம், அதே கட்டடத்தில் போட்டியாளர் வாடகைக்கு எடுத்த கம்பிக்கூண்டு. கோவாட் போன்றவர்கள் அங்கே கருவிகளை வைத்து, ஊருக்கு ஊர் இருந்த சிறு நிறுவனங்களுக்கு இணைப்பை மொத்த விலையில் கொடுத்தார்கள். தன் சொந்த டி.எஸ்.எல். விலையில் கம்பிச் செலவைச் சேர்க்காத தொலைபேசி நிறுவனம், போட்டியாளரிடம் மட்டும் முழுக் கம்பி வாடகை கேட்ட அநியாயத்தை இந்த ஆணை நிறுத்தியது.

2001-இல் கோவாட்டைப் போன்ற நார்த்பாயின்ட்டும் ரிதம்ஸும் திவாலானதற்கு ஆணையத்தைக் குறைசொல்ல முடியாது. கடன்சுமையும் பங்குச்சந்தைச் சரிவும் சேர்ந்து செய்த வேலை அது. 2003-இல் நடந்தது வேறு. கம்பிப் பகிர்வைக் கைவிட ஆணையம் முடிவெடுத்தது. புதிய வாடிக்கையாளருக்கு முதலாண்டில் முழுக் கம்பி வாடகையில் 25 சதவீதம், அடுத்து 50, பிறகு 75, அதன்பின் முழுத்தொகை. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆணையத் தலைவர் மைக்கேல் பவலே இந்தப் பகுதியை எதிர்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்சிக் கணக்கு மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது.

கேபிள் கம்பியின் கதவை ஆணையத்தின் பொது விதி எதுவும் திறக்கவே இல்லை. 2002 மார்ச்சில் ஆணையம் கேபிள் இணையத்தைத் 'தகவல் சேவை' என்று அறிவித்தது. 'தொலைத்தொடர்புச் சேவை' என்றிருந்தால் பொதுச் சுமைகாரருக்குரிய கடமைகள் வந்திருக்கும். கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவைச் சேர்ந்த பிராண்ட் எக்ஸ் என்ற சிறு நிறுவனம் வழக்குத் தொடுத்து, ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. 2005 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்று அதைப் புரட்டியது. சட்டத்தின் சொல் தெளிவாக இல்லாதபோது ஆணையம் கொள்ளும் நியாயமான பொருளே செல்லும் என்று எழுதினார் நீதிபதி தாமஸ். பீட்சா கடை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறது என்றால் அது விநியோகச் சேவையும்தானே என்று மறுப்புரையில் கேட்டார் நீதிபதி ஸ்காலியா. அந்தக் கேள்விக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பில் எனக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை. ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 5-இல், ஆணையம் டி.எஸ்.எல்.-ஐயும் தகவல் சேவையாக்கியது. ஏற்கெனவே அதை வாங்கி விற்றவர்களுக்கு ஓராண்டு அவகாசம் கிடைத்தது.

2015-இல் ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை 3–2 வாக்கில் 'தொலைத்தொடர்புச் சேவை' என்ற பெயரை மீட்டது. ஆனால் கம்பியை வாடகைக்கு விடும் கடமையைத் தானே விலக்கிவைத்தது. பெயர் திரும்பியது, அதன் உயிர் திரும்பவில்லை. இதற்குள் சிறு நிறுவனம் என்பதன் பொருளும் மாறியிருந்தது. 1999-இன் சிறு நிறுவனம் அடுத்தவர் கம்பியில் குடியிருந்தது. ஆணையம் அதற்குக் காவல். 2015-இன் சிறு நிறுவனம் கிராமப்புறத்தில் தானே கோபுரம் நட்டு வானொலி அலையில் இணையம் தந்தது. அதற்கு ஆணையம் என்றால் படிவங்களும் வழக்கறிஞர் செலவும். ஒரு லட்சம் சந்தாதாரருக்கு மேற்படாதவர்களுக்குக் கூடுதல் வெளிப்படுத்தல் விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு அளித்ததன் மூலம் ஆணையமும் அந்தச் சுமையை ஒப்புக்கொண்டது. விலக்கு நீடிக்குமா என்பது அடுத்த பெரும்பான்மையின் கையில் இருந்தது. சிறியவர்களை வாட்டியது இந்த நிலையாமைதான் என்று கருதுகிறேன். கடன் வாங்கிக் கோபுரம் நடுபவருக்குப் பத்தாண்டுக் கணக்கு வேண்டும். ஆணையம் தருவதோ ஒரு தேர்தல்வரைக்குமான கணக்கு.

2017 டிசம்பரில் 'தொலைத்தொடர்புச் சேவை' என்ற பெயர் மீண்டும் பறிபோனது, 3–2. 2024 ஏப்ரலில் திரும்ப வந்தது, அதுவும் 3–2. அதற்கு முன்பே, 2020-இல், பிராண்ட் எக்ஸ் தீர்ப்பு தவறாக இருக்கலாம் என்று தாமஸே எழுதியிருந்தார். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் வேரான, தெளிவில்லாத சட்டத்துக்கு ஆணையம் கொள்ளும் நியாயமான பொருளே செல்லும் என்ற செவ்ரான் கோட்பாட்டைக் கைவிட்டது. பிராண்ட் எக்ஸைத் தோற்கடித்த விதி ஒழிந்தது. பிராண்ட் எக்ஸ் கேட்ட பொருள் மட்டும் கிடைக்கவில்லை. 2025 ஜனவரி 2-இல் ஆறாவது வட்ட நீதிமன்றம் சட்டத்தைத் தானே படித்து, பிராட்பேண்ட் தகவல் சேவைதான் என்று முடிவுசெய்தது. அந்த வழக்கில் கம்பியை வாடகைக்குக் கேட்டு யாரும் நிற்கவில்லை.