ஒரே லயம், இரண்டு பாதை

1964இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார் பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை. இந்த நாட்டின் முதல் பெண் பொறியியலாளர் அவர்தான். அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய வம்சாவளி மலையகத்தாரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று எண்ணிப் பிரித்தார்கள். பிரேமளாவின் வயதொத்த அக்கரப்பத்தனைத் தோட்டப் பெண்கள் அப்போது கொழுந்துக் கூடையோடு மலையேறிக்கொண்டிருந்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். இரு தரப்பாரும் தமிழ்ப் பெண்கள்தான். பிறந்த இடம்தான் வேறு.

இன்று நாடு முழுவதற்குமான கணக்கு வேறு. பல்கலைக்கழகம் போகிறவர்களில் பெண்களே கூட. உயர்தரத்தில் உயிரியல் பிரிவிலும் அவர்கள்தான் அதிகம். ஆனால் கணிதப் பிரிவிலும் பொறியியல் பீடங்களிலும் ஆண்கள் முந்திநிற்கிறார்கள்.

இந்தக் கணக்கை அப்படியே எங்கள் தோட்ட லயத்துக்குக் கொண்டுவர முடியாது. இங்கே முதலில் பள்ளியைவிட்டுப் போகிறவன் பையன். சாதாரண தரம் முடிந்ததும், பல வேளை முடியுமுன்பே, கொழும்பில் கடை வேலைக்குப் போய்விடுகிறான். பெண்பிள்ளை தொடர்ந்து படிக்கிறாள். ஆனால் கலைப்பிரிவில் போய் நிற்கிறாள்.

அவளுக்கு ஆற்றல் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பௌதிகவியலும் இணைந்த கணிதமும் தமிழில் படிக்கத் தலவாக்கலைக்கோ ஹட்டனுக்கோ போக வேண்டியிருக்கிறது. டியூஷன் முடிந்து பஸ் ஏறினால், இறங்கும்போது இருட்டிவிடும். அதற்குப் பிறகு தேயிலைக்கு நடுவே மூடுபனியில் நடை. படிக்க ஆசையுள்ள பையனை “போய்ட்டு வாடா” என்று அனுப்பும் அதே தாய், மகளிடம் “கிட்ட இருக்கிறதப் படிம்மா” என்கிறாள். அவளைக் குறைசொல்ல என்னால் முடியாது. ஆசிரியர் இல்லாத குறை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் அதனால் மகள்மீது விழும் பாரம்தான் அதிகம்.

வீட்டுக்கு வெளியே அவள் பார்ப்பதும் அதையே சொல்லிக்கொடுக்கிறது. மலையில் கொழுந்தெடுப்பவர்கள் பெண்கள். ஃபெக்டரியில் ரோலரை ஓட்டுபவர், டீமேக்கர், மின் வேலைக்காரர் எல்லாம் ஆண்கள். தலவாக்கலை சென்கூம்ஸில் இருக்கிறது தேயிலை ஆராய்ச்சி நிலையம் (டிஆர்ஐ). அங்கே உருவாக்கிய டிஆர்ஐ 2025 ரகச் செடியில், இரண்டு இலையும் மொட்டும் எந்த நாளில் கிள்ளும் பதத்துக்கு வரும் என்று அவள் அம்மாவின் விரலுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு ‘பேர்’ விழுகிறது, நாள்கூலியாக. சான்றிதழ் விழுவதில்லை.

நுவரெலியா பின்தங்கிய மாவட்டம் என்பதால் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடு உண்டு. பொறியியலுக்கான வெட்டுப்புள்ளியும் கொழும்பைவிடக் குறைவு. நல்ல ஏற்பாடு. ஆனால் கணிதப் பிரிவில் பரீட்சை எழுதிய பிள்ளைக்குத்தான் அது பயன்படும். டயகம பஸ் போகும் தூரத்துக்குள் ஒரு பௌதிகவியல் ஆசிரியர், மாலை நாலு மணிக்கு முடியும் ஒரு வகுப்பு. எங்கள் மகள்களுக்காக நான் முதலில் கேட்பது இதைத்தான்.