ஒரே தடவை கேட்டுட்டு தீர்ப்பு சொல்லலாமா?

புது ஆல்பம் வந்த அன்று சாயங்காலமே தீர்ப்பும் வந்துவிடும். "மொக்கை", "ரெண்டு பாட்டு தேறும்", "பழைய ரஹ்மான் எங்கேப்பா?" என்று ஒரு கோஷ்டி. "தலைவர் பாட்டு ஸ்லோ பாய்சன் மாதிரி, கேட்கக் கேட்கத்தான் ஏறும்" என்று இன்னொரு கோஷ்டி. டீக்கடை பெஞ்சிலும் கேன்டீனிலும் இந்தச் சண்டை வருஷக்கணக்காக நடக்கிறது.

ஆனால் இது ரஹ்மானோடு ஆரம்பித்த சண்டை இல்லை. எல்பி ரெக்கார்டு கூட வராத காலத்தில், ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில், இதே விவகாரத்தில் கன்னத்தில் அறை விழுந்து, போலீஸ் வந்து, கோர்ட் வரை போயிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு மனிதர் "திரும்பத் திரும்பக் கேட்காமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று ஒரு சங்கமே ஆரம்பித்து மூணு வருஷம் நடத்திக் காட்டினார். அவர் பெயர் ஆர்னால்ட் ஷோன்பெர்க்.

1913 பிப்ரவரி 23. வியன்னாவின் புகழ்பெற்ற முசிக்ஃபெரைன் அரங்கில் ஷோன்பெர்க்கின் 'குர்ரெலீடர்' முதல் முறையாக அரங்கேறியது. அது அவர் 1900-லேயே எழுத ஆரம்பித்த படைப்பு. பெரிய ஆர்கெஸ்ட்ரா, பெரிய கோரஸ், உருகி உருகி வரும் மெட்டுகள். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. ஷோன்பெர்க் என்ன செய்தார் தெரியுமா? மேடைக்கு வந்து கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசித்தவர்களுக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருஷம் தன்னைக் கண்டபடி திட்டிய ஊர், பழைய பாணியில் ஒன்று கிடைத்ததும் கை தட்டுகிறதே என்ற கடுப்பு. (திமிர்தான். ஆனால் காரணமில்லாத திமிர் இல்லை.)

அஞ்சு வாரமும் ஒரு நாளும் கழித்து, மார்ச் 31, அதே அரங்கம். இந்த முறை ஷோன்பெர்க்கே நடத்துகிறார். அவருடைய சேம்பர் சிம்பனி, ஸெம்லின்ஸ்கியின் பாடல்கள், சீடர்களான வெபர்ன், ஆல்பன் பெர்க் இரண்டு பேரின் புதுப் படைப்புகள், கடைசியில் மாலர். ஆரம்பத்திலிருந்தே சிரிப்பும் விசிலும். பெர்க்கின் பாட்டு வந்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. பீட்டர் ஆல்டன்பெர்க் என்ற எழுத்தாளர் போஸ்ட்கார்டுகளில் எழுதிய குட்டிக் குட்டி வரிகளுக்கு பெர்க் இசையமைத்திருந்தார். மொத்தம் அஞ்சு பாட்டு. அன்றைக்குப் பாடத் திட்டமிட்டதே அதில் ரெண்டுதான். கத்தல், தள்ளுமுள்ளு, கச்சேரி ஏற்பாடு செய்தவரே ஒருத்தரை அறைந்துவிட்டார். போலீஸ் வந்தது. மாலர் வாசிக்கப்படவே இல்லை. கேஸ் கோர்ட்டுக்குப் போனபோது சாட்சி சொன்ன ஓர் இசையமைப்பாளர், அன்றைய கச்சேரியிலேயே அந்த அறைச் சத்தம்தான் சுருதி சுத்தமாக இருந்தது என்ற தோரணையில் நக்கலடித்தார் என்று ஒரு கதை உண்டு. வியன்னாக்காரர்கள் இன்றும் அந்தக் கச்சேரியை 'அறைக் கச்சேரி' என்றே சொல்கிறார்கள்.

அதே ஊர், அதே அரங்கம், நடுவில் 36 நாள். ஒன்றுக்கு ஆரவாரம், இன்னொன்றுக்கு அறை. இரண்டு தீர்ப்புமே ஒரே தடவை கேட்டுச் சொன்னவை.

இதற்கப்புறம் முதல் உலகப் போர். போர் முடிகிற சமயத்தில், 1918-இல், ஷோன்பெர்க் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். தன்னுடைய அதே சேம்பர் சிம்பனிக்குப் பத்து ஒத்திகைகள் அறிவித்தார். ஒத்திகையை யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். கடைசியில் கச்சேரி? கிடையாது. ஒத்திகை மட்டும்தான். அதாவது, பத்துத் தடவை பிரித்துப் போட்டு, நிறுத்தி, திருத்தி, திரும்ப வாசிப்பதைக் கேட்டால் அந்த இசை காதில் தானாகப் பிடிபடும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கை வைத்து அந்த வருஷக் கடைசியில் ஆரம்பித்ததுதான் 'தனிப்பட்ட இசை நிகழ்ச்சிகளுக்கான சங்கம்'. விதிகளைப் பார்த்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். பத்திரிகை விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. கை தட்டக் கூடாது. விசிலடிக்கவும் கூடாது. இன்றைக்கு என்ன வாசிக்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் பிடித்ததற்கு மட்டும் வந்துவிட்டு மற்றதற்கு டிமிக்கி கொடுத்துவிடுவார்கள் அல்லவா! எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரே படைப்பை ஒரே சீசனில் பல தடவை வாசிப்பார்கள். சங்கத்தின் அறிக்கையை எழுதியவர் வேறு யாருமில்லை, ரெண்டு பாட்டுக்கே அடிதடியைப் பார்த்த பெர்க்.

ஷோன்பெர்க் இதைத் தன் சொந்த இசைக்கு விளம்பரக் கம்பெனியாக நடத்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பக் காலத்தில் தன் படைப்பு எதையும் வாசிக்க அவர் விடவில்லை. ரேகர், டெபுஸி, ராவெல், பார்டோக், ஸ்கிரியாபின், மாலர் என்று மற்றவர்களைத்தான் வாசித்தார்கள். முழு ஆர்கெஸ்ட்ராவுக்குக் காசில்லை. அதனால் பெரிய படைப்புகளைப் பியானோ, ஹார்மோனியம், நாலைந்து தந்தி வாத்தியம் என்று சுருக்கி எழுதினார்கள். 1919 பிப்ரவரியிலிருந்து 1921 டிசம்பர் வரை 117 கச்சேரி, 154 படைப்பு, 353 முறை வாசிப்பு. வகுத்துப் பார்த்தால் ஒரு படைப்புக்குச் சராசரியாக ரெண்டே கால் தடவைக்கும் கொஞ்சம் அதிகம். "பத்துத் தடவை" என்ற கொள்கைக்கு இது குறைச்சல்தான். ஆனால் அறிமுகம் இல்லாத ஒரு புது இசையமைப்பாளருக்கு அந்தக் காலத்தில் ரெண்டாவது வாய்ப்பு கிடைப்பதே குதிரைக் கொம்பு.

சங்கத்தைக் கொன்றது ரசனை இல்லை, பணவீக்கம். போரில் தோற்ற ஆஸ்திரியாவில் க்ரோன் நோட்டின் மதிப்பு கரைந்துகொண்டே போனது. உறுப்பினர் சந்தாவாக வாங்கிய பணம் கச்சேரி நடப்பதற்குள் செல்லாக்காசு மாதிரி ஆகிவிடும். 1921 மே 27 அன்று சங்கத்துக்கு நிதி திரட்ட ஒரு விசேஷக் கச்சேரி வைத்தார்கள். வாசித்தது என்ன? யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் மெட்டுகள்! கேட்ட மாத்திரத்தில் எவனுக்கும் கால் தாளம் போடும் சரக்கு. அதை ஷோன்பெர்க், பெர்க், வெபர்ன் மூணு பேரும் உட்கார்ந்து சின்னக் குழுவுக்கு மாற்றி எழுதினார்கள். வெபர்ன் செல்லோ, பெர்க் ஹார்மோனியம். கச்சேரி முடிந்ததும் கையெழுத்துப் பிரதிகளை ஏலம் போட்டார்கள். பத்துத் தடவை கேட்க வேண்டிய இசையைக் காப்பாற்ற, ஒரு தடவையிலேயே பிடித்துப் போகும் இசையைத்தான் விற்க வேண்டியிருந்தது. அப்படியும் தாக்குப் பிடிக்கவில்லை, அந்த டிசம்பரோடு வியன்னாவில் சங்கம் மூடப்பட்டது.

ஷோன்பெர்க் கஷ்டப்பட்டு விதி போட்டு வரவழைத்ததை, பின்னால் தொழில்நுட்பம் சத்தமில்லாமல் செய்துவிட்டது. பழைய 78 ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம்தான். 1948-இல் கொலம்பியா கம்பெனி எல்பியைக் கொண்டு வந்ததும் ஒரு பக்கமே இருபது நிமிஷத்தைத் தாண்டியது. 1963-இல் பிலிப்ஸ் கேசட். கேசட்டில் ஒரு விசேஷம், பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போவது பெரிய ரோதனை. ஃபார்வர்ட் பட்டனை அழுத்தி, அடுத்த பாட்டின் பாதியில் போய் நின்று, மறுபடி ரீவைண்ட் செய்து... அதற்கு அந்தப் பாட்டையே கேட்டுத் தொலைத்துவிடலாம். போதாக்குறைக்குக் காசு போட்டு வாங்கியதாச்சே! காமர்ஸ் புத்தகத்தில் 'சங்க் காஸ்ட்' என்று படிக்கிறோமே, போன பணத்துக்காக மேலும் மேலும் நேரத்தைக் கொட்டுவது தப்பு என்று. அந்தத் தப்பைச் செய்ததால்தான் பி சைடு பாட்டுகள் பல பிழைத்தன. ஸ்லோ பாய்சன் என்ற பேச்சே கேசட் காலத்துக்குத்தான் அவ்வளவு பொருத்தம். இன்றைக்கு ஸ்ட்ரீமிங்கில் 30 விநாடி ஓடினால் ஸ்பாட்டிஃபை கணக்கில் ஒரு தடவை கேட்டதாகிவிடும். 31-வது விநாடியில் விரல் அடுத்த பாட்டுக்குப் போகும்.

எல்பி காலத்திலும் அவசரத் தீர்ப்புக்குப் பஞ்சமில்லை. 'தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிகோ' ஆல்பம் 1967-இல் வந்தபோது பில்போர்டு பட்டியலில் 171-ஆவது இடத்தைத் தாண்டவில்லை. 2003-இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை போட்ட 500 ஆல்பம் பட்டியலில் அதற்கு 13-ஆவது இடம். நிக் டிரேக் என்ற ஆங்கிலேயப் பாடகர் 1969-க்கும் 1972-க்கும் நடுவில் மூணு ஆல்பம் போட்டார், யாரும் சீந்தவில்லை. 1974-இல் 26 வயதில் இறந்தார். 90-களின் கடைசியில் ஒரு கார் விளம்பரத்தில் அவர் பாட்டு வந்த பிறகுதான் கூட்டம் கூட்டமாகத் தேடி வாங்கினார்கள்.

அப்படியானால் எல்லா ஆல்பத்தையும் பத்துத் தடவை கேட்டே ஆக வேண்டுமா? இங்கேதான் ஒரு சிக்கல். 1968-இல் ராபர்ட் ஸாயன்ட்ஸ் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். அர்த்தமே இல்லாத வார்த்தைகள், சீன எழுத்து மாதிரி கிறுக்கல்கள், இவற்றைச் சிலருக்குச் சில தடவையும் பல தடவையும் காட்டினார். எதை அதிகத் தடவை பார்த்தார்களோ அதற்கு நல்ல அர்த்தம் இருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். அதாவது, பழகினாலே பிடித்துவிடும். இருபது தடவை கேட்டுவிட்டு "ஆஹா, என்ன ஆழம்" என்று ஒருவர் உருகினால், அது பாட்டின் ஆழமா, பழக்க தோஷமா என்று அவருக்கே தெரியாது. எஃப்எம்காரர்கள் ஒரு பாட்டை நாள் முழுக்கப் போட்டுப் போட்டு ஹிட் ஆக்கும் தந்திரமும் இதுதானே?

ஷோன்பெர்க் கதையே இதற்கு அரைகுறைப் பதில். பழக்கம் மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடும் என்றால், நூறு வருஷமாக ரெக்கார்டிலும் ரேடியோவிலும் வரும் அவருடைய பிற்கால இசை இந்நேரம் தெருவுக்குத் தெரு முணுமுணுக்கப்பட வேண்டும். அப்படி ஆகவில்லை. இன்றும் அவர் எழுதியதில் ஜனங்கள் ஆசையாகக் கேட்பது 'குர்ரெலீடர்' மாதிரி ஆரம்பக் காலப் படைப்புகளைத்தான். 1913-இல் முதல் தடவை கேட்டு ஆரவாரம் செய்த கூட்டம் ஆள் தெரியாமல் தட்டவில்லை.

ஆனால் சிரித்த கூட்டமும் சரியாகத்தான் சிரித்தது என்று சொல்ல முடியாது. அன்று பாதியில் நின்ற பெர்க்கின் அஞ்சு பாட்டும் சேர்ந்து மொத்தம் பத்து நிமிஷம்தான். அதை முழுசாக முதல் முறை மேடையேற்றியது 1953-இல், ரோம் நகரத்தில். பெர்க் 1935-லேயே இறந்துவிட்டார்.