தூதரகமில்லாத் தூது: அமெரிக்க ஈரானிய உறவில் இணையம்

திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூதனுடைய பண்புகளை வகுத்துரைப்பது. அத் தூதன் பேசுவது வேற்றரசனுடைய அவையில். ஓர் அரசு, பிறநாட்டு அரசினரைக் கடந்து அந்நாட்டு மக்களையே நோக்கிப் பேசுவதை இக்காலத்தார் பொது இராசதந்திரம் என்பர். அதனை இக் கட்டுரை மக்கள்தூது எனக் குறிக்கின்றது. இப்பொருளில் ஆங்கிலத் தொடரை 1965இல் வழக்கிற்குக் கொணர்ந்தவர் அமெரிக்கராகிய எட்மண்டு கலியன். பெயர் புதிதாயினும் செயல் பழையது, இலண்டன் பி.பி.சி. நிலையம் 1940 டிசம்பரிலேயே பாரசீக மொழியில் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது.

வானொலித் தூதுக்கும் இணையத் தூதுக்கும் உள்ள வேறுபாடு விரைவு ஒன்றே எனக் கருதுவார் உளர். அமெரிக்காவும் ஈரானும் இணையத்தைக் கையாண்ட முறையை நோக்குமிடத்து அக் கருத்துப் பொருந்துவதாகத் தோன்றவில்லை.

1979 நவம்பர் 4ஆம் நாள் தெகரான் நகரத்து அமெரிக்கத் தூதரகம் மாணவர்களாற் கைப்பற்றப்பட்டது. 1980 ஏப்ரலில் தூதுறவு முறிந்தது. அமெரிக்க நலன்களைக் கவனிக்கும் பொறுப்புச் சுவிட்சர்லாந்துத் தூதரகத்தைச் சார்ந்தது. 2009 மார்ச்சில் ஒபாமா, பாரசீகப் புத்தாண்டை ஒட்டி ஈரானிய மக்களுக்கும் தலைவர்களுக்கும் நிகழ்படம் ஒன்றன் வாயிலாக வாழ்த்துக் கூறினார். அடுத்த நாளே அதற்கு விடை வந்தது. ஆயின் அது மசுகது நகரத்துப் பெருங்கூட்டத்தில் காமெனெயி ஆற்றிய உரையாக, பழைய வழியிலேயே வந்தது.

அவ்வாண்டு சூனில் நிகழ்ந்தது ஈண்டுச் சற்று நின்று நோக்கற்பாலது. தேர்தல் முடிவை எதிர்த்து ஈரானியர் தெருக்களில் திரண்டிருந்தனர். ட்விட்டர் நிறுவனமோ பராமரிப்பின்பொருட்டுத் தன் பணியைச் சிறிது நேரம் நிறுத்தக் கருதியிருந்தது. அதனைத் தள்ளிவைக்குமாறு அமெரிக்க அயலுறவுத் துறை கேட்டுக்கொண்டது, நிறுத்தமும் தள்ளிவைக்கப்பட்டது. ஈரானுள் அப்போது ட்விட்டரைப் பயன்படுத்தினோர் மிகச் சிலரே என்பதும், ஆரவாரம் பெரிதும் வெளிநாட்டிலிருந்தே எழுந்தது என்பதும் பின்னர் ஆய்ந்தோர் காட்டிய உண்மைகள். எனினும் வரலாற்றாசிரியனுக்கு அவ் வேண்டுகோளே முதன்மையானது. அரசு நடத்திய வானொலியில் ஒலிபரப்பின் காலத்தை அரசே வரையறுத்தது. இங்கோ வல்லரசொன்று ஒரு வணிக நிறுவனத்தை வேண்டி நிற்கின்றது. தூது செல்லும் வழி தூது விடுப்போனுடையதாக இல்லை.

2011 டிசம்பர் 6ஆம் நாள் அமெரிக்கா ‘மெய்ந்நிகர்த் தூதரகம்’ ஒன்றை இணையத்தில் திறந்தது. கல்வி, நுழைவுச் சீட்டு ஆகியவை பற்றிய செய்திகள் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் அதில் இடம்பெற்றன. நுழைவுச் சீட்டு வழங்கும் ஆற்றல் அதற்கில்லை. ஓரிரு நாளுள் ஈரானிய அரசு அதனைத் தடுத்தது. வானொலியை இரைச்சலால் மறைத்த பழைய முறையின் மறுபிறப்பே இஃது எனலாம்.

தன் மக்களுக்கு ட்விட்டரைத் தடைசெய்த அதே அரசின் தலைவர்கள் அதன்வழியே உலகினரோடு பேசினர். 2013 செப்டம்பரில் அயலுறவு அமைச்சர் சரீப் யூதர் புத்தாண்டுக்கு ஆங்கிலத்தில் வாழ்த்துக் கூறி, வினவிய அமெரிக்கர் ஒருவர்க்கு மறுமொழியும் தந்தார். அம் மாத இறுதியில் ஒபாமாவும் ரூகானியும் தொலைபேசியில் உரையாடினர். 1979க்குப் பின் அந்நிலையில் நிகழ்ந்த முதல் உரையாடல் அது. உரையாடற் செய்திகள் ரூகானியின் பெயரிலான கணக்கில் வெளிவந்தன. அவற்றுட் சில விரைவிலேயே நீக்கவும்பட்டன.

வழியின் உடைமையாளர் கையோங்கிய நிலையைப் பின்வந்த ஆண்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. 2019 ஏப்ரலில், ஈரானியப் புரட்சிக் காவற்படையைப் பயங்கரவாத அமைப்பென அமெரிக்கா அறிவித்ததை அடுத்து, அப்படைத் தலைவர் சிலரின் கணக்குகளை இன்ஸ்டாகிராம் மூடியது. 2024 பிப்ரவரியில் காமெனெயியின் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளை மெட்டா நிறுவனம் தன் விதிகளைக் காட்டி அகற்றியது. முன்னதில் அரசாணையின் நிழல் தெரிகின்றது. பின்னதில் நிறுவனத்தின் விதியே ஆணையாயிற்று.

இதனால் விளையும் சான்றுச் சிக்கலும் சிறிதன்று. கணக்கு மூடப்படின் பல்லாண்டுச் செய்திகள் ஒருங்கே கண்மறைகின்றன. கல் சிதைந்தபின் மைப்படி மட்டும் எஞ்சிய கல்வெட்டுப்போல், நீக்கப்பட்ட செய்திகளைப் பிறர் எடுத்த படிகளின் வாயிலாகவே அறியவேண்டியுள்ளது. 2013ஆம் ஆண்டுத் தொலைபேசி உரையாடலைப் பொறுத்தவரை அப் படிகளை உடனுக்குடன் எடுத்துவைத்தவர் செய்தியாளர்களே.