கோடை உழவு

பங்குனிக் கடைசியில் திருவண்ணாமலைக்குப் போய் என் தமக்கை மகன் வீட்டில் தங்கியிருந்தேன். முதல் நாள் விடியற்காலை நாலரை மணிக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அரைக்கால் சட்டையும் கான்வாஸ் ஷூவுமாக மருமகன் நிற்கிறான்.

"என்னடா, கிரிவலமா?"

"ஆமாம் மாமா. பதினாலு கிலோமீட்டரையும் ஓடியே வந்துடுவேன். ஆறரைக்குள்ளே திரும்பினால்தான் பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப முடியும்."

நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு ஓடவும் வேண்டிய டிரையத்லான் போட்டியில் அவனுக்கு மோகம். "போட்டியெல்லாம் முடிந்துவிட்டதே! இப்போது எதற்கு இந்தப் பாடு?" என்றேன்.

"இது கோடை உழவு, மாமா" என்று சொல்லிவிட்டு இருளில் மறைந்தான்.

அந்தப் போட்டிக்கு வயது அதிகமில்லை. 1974 செப்டம்பர் 25-ல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 46 பேர் கலந்துகொண்ட பந்தயத்தில் அது பிறந்தது. அவர்களில் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் இருந்தார்கள். பின்னர் ஹவாயில் வசித்தபோது அத்தம்பதிகள் இன்னும் கடுமையான ஒன்றை வகுத்தார்கள். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் 42 கிலோமீட்டர் ஓட்டம்! 1978 பிப்ரவரி 18-ல் 15 பேர் புறப்பட்டார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கே பதினோரு மணி நாற்பத்தாறு நிமிஷம் பிடித்தது. மறு வருஷம் லின் லெமேர் என்ற பெண்மணி ஆண்களோடு போட்டியிட்டு ஐந்தாவதாக வந்தார்.

ஆனால் 'கோடை உழவின்' சரித்திரம் இதற்கும் முந்தியது. நியூஜீலாந்தில் ஆர்தர் லிடியார்டு என்று ஒருவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை, பால் விநியோகமும் செய்தார், குடும்பஸ்தர். போட்டியில்லாத மாதங்களில் வாரம் நூறு மைல் நிதானமாக ஓடி உடம்பைப் பண்படுத்த வேண்டும், வேகமெல்லாம் பிறகுதான் என்பது அவர் கண்ட முறை. அதைத் தம் உடம்பிலேயே பல வருஷம் சோதித்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் பீட்டர் ஸ்னெல், மர்ரே ஹால்பெர்க் இருவரும் ஒரே நாளில் தங்கப் பதக்கம் வென்றார்கள். 800 மீட்டர் ஓடும் ஸ்னெல்லையும் அவர் இருபத்திரண்டு மைல் ஓட வைத்திருந்தார்!

பந்தய நாள் வீரனுடையது. அந்த நூறு மைல்களோ வீட்டாரிடமிருந்து வாங்கிய கடன். பதக்கப் பட்டியலில் கடன் கொடுத்தவர் பெயர் இருப்பதில்லை.

மருமகன் வீட்டுச் சமையலறையில் ஒரு காலண்டர் தொங்கியது. பாப்பாவின் பரீட்சை, தமக்கையின் கண் வைத்தியம், தன் ஆபீஸ் வேலை எல்லாவற்றையும் மருமகள் சிவப்பு மையில் குறித்திருந்தாள். பௌர்ணமிகளும் சிவப்பு, அன்று கிரிவலப் பாதையில் ஜன சமுத்திரம், ஓட முடியாது. மிச்சக் கட்டங்களில்தான் அவனுடைய நீல மை.

"போன வருஷம் காலண்டர் முழுக்க நீலம், மாமா. பாப்பாவுக்கு ஜுரம் அடித்த அன்றைக்கும் சைக்கிளில் செங்கம் போய்விட்டார். அப்புறம்தான் சிவப்புப் பேனா வாங்கினேன்" என்றாள் அவள், காப்பியை ஆற்றிக்கொண்டே.

நான் சிரிக்கவில்லை. நாற்பது வருஷமாக விடியற்காலைகளை எழுத்துக்கென்று எடுத்துக்கொண்டவன் நான். என் வீட்டில் சிவப்புப் பேனாவை யாரும் வாங்கவில்லை. வாங்காததால் கடன் இல்லையென்று ஆகிவிடுமா?

ஆறு இருபதுக்கு வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. "பாப்பா, எழுந்திரு!" என்று கூவிக்கொண்டே மருமகன் உள்ளே வந்தான்.